இன்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் உண்டு... சம்பளம்? ஊடக மாணவர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய 120 மணி நேரக் கணக்கு

"ஸ்டைபெண்ட் எல்லாம் கிடையாதுப்பா. உங்களுக்குத்தான் காலேஜ்ல கிரெடிட் போடுறாங்களே!"

இதழியல், ஊடகவியல், விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் முதுகலை மாணவர்கள் இன்டர்ன்ஷிப் தேடி அலையும் மாதங்களில் காதில் விழும் பதில் இது. கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் ஏறுகிறது. அனுபவம் கிடைக்கிறது. ரெஸ்யூமில் ஒரு நிறுவனத்தின் பெயர் வருகிறது. இதுக்கு மேல சம்பளம் வேறயா?

ஆனால், கிரெடிட் என்பது மணி நேரத்தில் அளக்கப்படும் விஷயம். அந்தக் கணக்கைப் போடாமல் சேர்ந்தால், படிப்பிலும் சேராத, சம்பளத்திலும் சேராத உழைப்பு நூற்றுக்கணக்கான மணி நேரம் கைவிட்டுப் போகலாம். கிரெடிட் எப்படிக் கணக்கிடப்படுகிறது, இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது, மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன, சேருவதற்கு முன் எதையெல்லாம் எழுத்தில் வாங்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு கிரெடிட் என்றால் எத்தனை மணி நேரம்?

2023-ல் வெளியான தேசிய கிரெடிட் கட்டமைப்பின்படி, 30 மணி நேரக் கற்றல் ஒரு கிரெடிட். ஆண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட் என்பது பொதுவான அளவு. வகுப்பில் உட்காரும் நேரம் மட்டும் இதில் வராது. செய்முறை, களப்பணி, அசைன்மென்ட், மதிப்பீடு எல்லாமே இந்த மணி நேரத்துக்குள் அடங்கும்.

பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) இளநிலைப் படிப்புகளுக்கு வகுத்த விதிகளில் இன்டர்ன்ஷிப்புக்கு 2 முதல் 4 கிரெடிட் ஒதுக்கப்பட்டுள்ளது. அதாவது 60 முதல் 120 மணி நேரம். முதுகலையில் எத்தனை கிரெடிட், எத்தனை வாரம் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அங்குள்ள பாடத்திட்டக் குழு முடிவு செய்யும். ஆக, மாணவர் முதலில் புரட்ட வேண்டியது தன் துறையின் சிலபஸை. 'இன்டர்ன்ஷிப்' என்ற தலைப்புக்கு எதிரே இருக்கும் எண் என்ன என்பதில்தான் எல்லாமே தொடங்குகிறது.

இப்படிப் பெறும் கிரெடிட், 2021-ல் தொடங்கப்பட்ட அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் சேமிக்கப்படும். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினாலும் எடுத்துச் செல்லலாம். பேங்க் என்ற பெயர் பொருத்தம்தான். வரவு வைக்காத பணம் அக்கவுன்டில் இருக்காது. அதேபோல் வரவு வைக்காத மணி நேரமும் இருக்காது.

கணக்குப் போட்டால் என்ன வருகிறது?

ஓர் உதாரணம். ஒரு துறையில் இன்டர்ன்ஷிப்புக்கு 4 கிரெடிட். அப்படியென்றால் 120 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் வேலை பார்த்தால் 15 நாளில் முடிந்துவிடும்.

ஆனால், 15 நாளுக்கு இன்டர்ன் எடுக்கும் செய்தி நிறுவனங்கள் குறைவு. "குறைஞ்சது ரெண்டு மாசம் வரணும்" என்பார்கள். வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 8 வாரத்தில் 384 மணி நேரம். தேசிய கட்டமைப்பின் அளவுப்படி பார்த்தால் இது 12.8 கிரெடிட்டுக்குச் சமம். மதிப்பெண் பட்டியலில் ஏறுவதோ 4.

மீதி 264 மணி நேரம் எங்கே போனது? கல்லூரி அதைப் படிப்பாகக் கணக்கில் எடுக்கவில்லை. நிறுவனம் அதை வேலையாகக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு தரப்பும் கைகாட்டுவது அந்த 4 கிரெடிட்டைத்தான்.

இதில் நிறுவனத்தின் தரப்பையும் பார்க்க வேண்டும். புதிதாக வரும் ஒருவருக்கு ஸ்டைல் ஷீட், சிஎம்எஸ், தலைப்பு வைக்கும் முறை எல்லாம் சொல்லித்தர ஒரு சீனியரின் நேரம் செலவாகும். முதல் இரண்டு வாரம் இன்டர்னால் டெஸ்க்குக்கு வேலை கூடத்தான் செய்யும், குறையாது. 15 நாளில் ஒரு நியூஸ்ரூமைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் உண்மை. இரண்டு மாதம் தங்கினால்தான் மாணவருக்கும் ஏதாவது கை வரும்.

ஆக, 120 மணி நேரத்தோடு எழுந்து வந்துவிட வேண்டும் என்பது இந்தக் கணக்கின் பொருள் அல்ல. அதற்கு மேல் போகும் நேரத்துக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டும். கல்லூரி கூடுதல் கிரெடிட் தரலாம். நிறுவனம் ஸ்டைபெண்ட் தரலாம். இரண்டும் இல்லை என்றால், இலவச உழைப்பு என்ற பெயர்தான் மிஞ்சும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இன்டர்ன்ஷிப்புக்கு என்று தனி மத்தியச் சட்டம் கிடையாது. 1961-ம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தத்தோடு சேருபவருக்கு ஸ்டைபெண்ட் கட்டாயம். 2019-ல் விதிகள் திருத்தப்பட்டபோது பட்டதாரி அப்ரன்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆனால், கல்லூரிக் கடிதத்தோடு வரும் சாதாரண இன்டர்ன் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர் கையில் அப்ரன்டிஸ் ஒப்பந்தம் இல்லை.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஆனால் அதன் தொடக்க விதிகளின்படி, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. கிரெடிட்டுக்காக இன்டர்ன்ஷிப் செய்யும் ரெகுலர் மாணவருக்கு அந்தக் கதவும் திறக்காது.

அதற்காக இன்டர்னுக்கு எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டத்தில் 'பணியாளர்' என்ற சொல்லுக்கான விளக்கம் ரொம்பவே விரிவானது. ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும், பயிற்சியாளராக இருந்தாலும், அப்ரன்டிஸாக இருந்தாலும் அந்த விளக்கத்துக்குள் வருவார். "நீ வெறும் இன்டர்ன்தானே" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய யூடியூப் சேனல் போல அதற்கும் குறைவானவர்கள் இருக்கும் இடம் என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவை அணுகலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்துபூர்வமாகப் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம்.

எழுதிய செய்தி யாருக்குச் சொந்தம்?

இன்டர்ன்கள் பெரும்பாலும் கேட்காமல் விடும் கேள்வி இது. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், பிரிவு 17-ன்படி ஒரு படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர். இதற்கு விதிவிலக்கு உண்டு. பத்திரிகை நிறுவனத்தில் பணி ஒப்பந்தம் அல்லது அப்ரன்டிஸ் ஒப்பந்தத்தின் கீழ் வேலை பார்க்கும்போது, அந்தப் பத்திரிகைக்காக எழுதியதென்றால், வெளியீட்டு உரிமை நிறுவனத்துக்குப் போகும். மாற்று ஒப்பந்தம் இருந்தால் மட்டும் நிலைமை மாறும்.

சம்பளமும் இல்லை, அப்ரன்டிஸ் ஒப்பந்தமும் இல்லை என்ற நிலையில் இருக்கும் கல்லூரி இன்டர்ன் இந்த விதிவிலக்குக்குள் வருகிறாரா என்ற கேள்வி எழத்தான் செய்யும். அதனால்தான் சேரும்போதே கையெழுத்து வாங்கும் படிவங்களில் 'எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே' என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போடுவது தப்பில்லை. ஆனால் அந்த வரியைப் படித்துவிட்டு, "என் போர்ட்ஃபோலியோவில் இந்த வேலைகளைக் காட்டிக்கொள்ளலாமா?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. துறையில் சமர்ப்பிக்கும் ரிப்போர்ட்டுக்கும் அது தேவைப்படும்.

'பிளாக் ஸ்வான்' வழக்கு: அமெரிக்காவில் என்ன நடந்தது?

கிரெடிட்டா, சம்பளமா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. 2010-ல் வெளியான 'பிளாக் ஸ்வான்' படத்தின் தயாரிப்பில் சம்பளமின்றி வேலை பார்த்த எரிக் கிளாட், அலெக்ஸாண்டர் ஃபுட்மேன் இருவரும் 2011-ல் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தனர். 2013 ஜூனில் நியூயார்க் மாவட்ட நீதிமன்றம், இவர்கள் ஊழியர்களே, ஊதியம் தரப்பட்டிருக்க வேண்டும் என்று சொன்னது.

அதன் பிறகு ஊடக நிறுவனங்கள் மீது வழக்குகள் வரிசை கட்டின. அதே 2013-ல் வழக்கைச் சந்தித்த காண்டே நாஸ்ட் பத்திரிகைக் குழுமம், இன்டர்ன்ஷிப் திட்டத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. 2014-ல் 58 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. என்பிசி யுனிவர்சல் தன் மீதான வழக்கில் 64 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2015 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முதல் தீர்ப்பை ரத்து செய்து, புது அளவுகோல் ஒன்றைச் சொன்னது. இந்த ஏற்பாட்டில் முதன்மையாகப் பலன் பெறுபவர் யார், மாணவரா, நிறுவனமா? இதைக் கண்டுபிடிக்க 7 அம்சங்களைப் பட்டியலிட்டது. கல்வி நிறுவனத்தில் கிடைப்பது போன்ற பயிற்சி தரப்படுகிறதா? பாடத்திட்டத்தோடு அல்லது கிரெடிட்டோடு இணைந்ததா? கல்வி ஆண்டின் கால அட்டவணைக்கு இடம் கொடுக்கிறதா? கற்றுக்கொள்ளத் தேவையான காலத்தோடு முடிகிறதா? சம்பள ஊழியரின் வேலையை இன்டர்ன் பறிக்கிறாரா? இப்படிப் போகிறது அந்தப் பட்டியல். 2018 ஜனவரியில் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் தன் பழைய 6 அம்ச விதியைக் கைவிட்டு இந்த அளவுகோலுக்கு மாறியது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஏழில் எந்த ஒரு அம்சமும் தனியாக முடிவைத் தீர்மானிக்காது என்று நீதிமன்றம் சொன்னது. கிரெடிட் இருக்கிறது என்பது நிறுவனத்துக்குச் சாதகமான ஒரு புள்ளி. ஆனால் அந்த ஒரு புள்ளியை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது. எத்தனை நாள், என்ன வேலை, யார் கற்றுக்கொடுத்தார்கள் என்ற மற்ற கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐரோப்பாவில் நிலைமை என்ன?

பிரிட்டனில், உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஓராண்டுக்குக் குறைவாக இன்டர்ன்ஷிப் செய்யும் மாணவருக்குக் குறைந்தபட்ச ஊதிய உரிமை கிடையாது. ஜெர்மனியில் 2015-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, படிப்பு விதிகளின்படி கட்டாயமான இன்டர்ன்ஷிப்புக்கு விலக்கு தரப்பட்டது. மாணவர் தானாக விரும்பிச் செய்யும் இன்டர்ன்ஷிப் 3 மாதத்தைத் தாண்டினால்தான் குறைந்தபட்ச ஊதியம். அதாவது, ஒரே டெஸ்க்கில், ஒரே வேலையை நான்கு மாதம் செய்யும் இரண்டு பேரில் ஒருவருக்கு ஊதியம் உண்டு, இன்னொருவருக்கு இல்லை. காரணம், இரண்டாமவரின் சிலபஸில் அது கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. சம்பளத்தைத் தடுப்பதே அந்தக் கட்டாயம்தான்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. அங்கே இன்டர்ன்ஷிப் என்றாலே மாணவர், கல்வி நிறுவனம், வேலை தரும் நிறுவனம் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் வேண்டும். ஒரே கல்வி ஆண்டில் 2 மாதத்தைத் தாண்டினால் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகையை நிறுவனம் தர வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஆண்டுக்கு 6 மாதம் என்ற உச்சவரம்பும் உண்டு. குறுகிய காலம் என்றால் படிப்பு, நீண்டால் அதற்கு விலை என்பது அங்குள்ள ஏற்பாடு.

அமெரிக்காவில் முதுகலை படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு...

எஃப்-1 விசாவில் போய் ஊடகவியல் படிப்பவர்களுக்கு கிரெடிட் இன்னொரு வேலையும் செய்கிறது. படிக்கும்போதே வெளி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய சிபிடி என்ற அனுமதி வேண்டும். அந்த இன்டர்ன்ஷிப் பாடத்திட்டத்தின் அங்கமாக இருந்தால்தான் சிபிடி கிடைக்கும். அதற்கு வழக்கமான வழி, கிரெடிட் உள்ள இன்டர்ன்ஷிப் பாடத்தில் பதிவு செய்வது. அந்தப் பாடத்துக்கும் கிரெடிட் கணக்கில் டியூஷன் கட்ட வேண்டியிருக்கும். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் என்றால், வேலை பார்ப்பதற்கு மாணவரே காசு கொடுத்தது போல ஆகிவிடும்.

பொதுவாக ஓர் கல்வி ஆண்டு முழுநேரமாகப் படித்த பிறகே சிபிடி. தொடக்கத்திலேயே களப்பயிற்சி கட்டாயம் என்றிருக்கும் முதுகலைப் படிப்புகளுக்கு விலக்கு உண்டு. முழுநேர சிபிடியை 12 மாதம் பயன்படுத்திவிட்டால், அதே பட்டத்துக்குப் பின் கிடைக்க வேண்டிய ஓபிடி வேலை அனுமதி போய்விடும். ஐ-20 படிவத்தில் அனுமதி ஏறும் முன் வேலையைத் தொடங்கக் கூடாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் முதலில் பேசிவிடுவதே பாதுகாப்பு.

யாரால் இரண்டு மாதம் சும்மா வேலை பார்க்க முடியும்?

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வருவோம். தமிழின் பெரிய செய்தி நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் பெரும்பாலும் சென்னையில். சென்னையில் வீடு இருப்பவருக்கு, அல்லது சித்தப்பா வீடாவது இருப்பவருக்கு இரண்டு மாத இன்டர்ன்ஷிப் என்பது பஸ் செலவோடு முடியும். தென்காசியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வரும் மாணவருக்கு ஹாஸ்டல் அட்வான்ஸ், சாப்பாடு, நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் ஆட்டோ என்று எல்லாமே கைக்காசு. கோடை விடுமுறையில் பார்ட் டைம் வேலை பார்த்து ஃபீஸ் கட்டுபவர் என்றால், வர வேண்டிய வருமானமும் சேர்ந்து போகிறது.

இதன் விளைவு தனிப்பட்ட கஷ்டத்தோடு நிற்காது. முதல் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, ஏற்கெனவே டெஸ்க்கில் பழகிய முகத்துக்கு முன்னுரிமை கிடைப்பது இயல்பு. சம்பளமில்லாத இரண்டு மாதத்தைத் தாங்க முடிந்தவர்தான் அந்த முகமாக இருப்பார். எந்த ஊர் பிரச்சினை செய்தியாகும், எது ஆகாது என்பதை முடிவு செய்யும் மேஜையில் யார் உட்காருவார்கள் என்பது வரை இது நீள்கிறது.

சென்னைக்கு வந்தே ஆக வேண்டுமா என்பதையும் துறைகள் யோசிக்கலாம். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, கோவையில் வானொலி நிலையங்கள் இருக்கின்றன. நாளிதழ்களுக்கு மாவட்டப் பதிப்பு அலுவலகங்கள் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் தொடங்கியது போன்ற சமுதாய வானொலிகள் பல கல்லூரி வளாகங்களில் இயங்குகின்றன. வீட்டிலிருந்து போய் வரும் தூரத்தில் இருக்கும் இடங்களுக்குத் துறையே கடிதம் எழுதி வாய்ப்பு கேட்டுத் தரலாம்.

எது கற்றல், எது வெறும் வேலை?

ஏஜென்சி காப்பியை மொழிபெயர்ப்பது, பேட்டியை டைப் செய்வது, வீடியோவுக்கு சப்டைட்டில் போடுவது, சோஷியல் மீடியா கார்டு செய்வது... ஊடக இன்டர்ன்களுக்கு வழக்கமாக வரும் வேலைகள் இவை. இதில் எதுவும் மட்டமான வேலை இல்லை. திருத்திக் கொடுக்க ஆள் இருந்தால் மொழிபெயர்ப்பே பெரிய பாடம். 'இந்த வரியை ஏன் மாற்றினேன்' என்று சீனியர் சொல்லும் 10 நிமிடத்தில்தான் கற்றல் நடக்கிறது.

திருத்தம் எதுவும் வராமல், நாளுக்கு 12 செய்தி என்று டார்கெட் மட்டும் வந்தால் அது ஷிஃப்ட் வேலை. சுலபமான சோதனை ஒன்று உண்டு. நாளை இந்த இன்டர்ன் வரவில்லை என்றால் டெஸ்க்கில் வேலை நிற்குமா? நிற்கும் என்றால், அவர் ஓர் ஊழியரின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றே பொருள்.

சேருவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

1. மொத்த மணி நேரம்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை நாள். அந்த மொத்தத்தை 30-ஆல் வகுத்து, சிலபஸில் உள்ள கிரெடிட்டோடு ஒப்பிட வேண்டும்.

2. ஸ்டைபெண்ட்: இல்லை என்றால் 'இல்லை' என்றே மெயிலில் இருக்கட்டும். பயணப்படி, நைட் ஷிஃப்ட்டுக்கு வண்டி உண்டா என்பதையும் கேட்கலாம். 120 மணி நேரத்துக்குப் பிறகாவது ஸ்டைபெண்ட் தர முடியுமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

3. வழிகாட்டி: நிறுவனத்தில் யார் திருத்துவார், மதிப்பீட்டுப் படிவத்தில் யார் கையெழுத்திடுவார் என்ற பெயர்.

4. பைலைன், போர்ட்ஃபோலியோ: எழுதியதில் பெயர் வருமா, வராவிட்டாலும் துறையில் காட்ட அனுமதி உண்டா.

5. தேர்வு, வைவா நாட்களுக்கு விடுப்பு.

6. உள் புகார்க் குழுவின் தொடர்பு விவரம்.

இன்டர்ன்ஷிப் தொடங்கிய பின் தினமும் லாக் எழுதுவது அவசியம். வந்த நேரம், போன நேரம், செய்த வேலை, கிடைத்த திருத்தம். ஐந்து நிமிட வேலைதான். கிரெடிட்டில் தகராறு வந்தால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

துறைகள் என்ன செய்யலாம்?

தனியாகப் போய்ப் பேரம் பேசும் நிலையில் 22 வயது மாணவர் இருப்பதில்லை. வாய்ப்பு கைநழுவிவிடும் என்ற பயம் இருக்கும். அந்தப் பேச்சைத் துறைத் தலைவர் பேசினால் நிறுவனம் கேட்கும். காரணம், ஆண்டுதோறும் மாணவர்களை அனுப்புவது துறைதான்.

பிரான்ஸ் பாணியில் முத்தரப்புக் கடிதம் ஒன்றை ஒரு பக்கத்தில் தயாரிக்கச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. '4 கிரெடிட்டுக்கு 120 மணி நேரம். அதற்கு மேல் தேவை என்றால் ஸ்டைபெண்ட்' என்ற ஒரு வரி அதில் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். இரண்டு மாதம் கட்டாயம் என்று துறையே நினைத்தால், அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கான கிரெடிட்டை உயர்த்த முன்மொழியலாம். அதுவரை, சிலபஸில் 4 என்று அச்சடித்துவிட்டு 384 மணி நேரத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவதைத் துறைகள் நிறுத்த வேண்டும்.